பிரசவத்துக்குப் போன ஊர்

கடலூர்ப் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்து நல்ல நாள் பார்த்துத்தான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். அதனால் பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் ஒன்று என்று இருப்பது இங்கே சர்வசாதாரணம். கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்திலேயே வாழ்ந்து முடிந்த எத்தனையோ பேர் பிறந்தது பண்ருட்டியில், நெல்லிக்குப்பத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகூரில். "எந்த ஊரு தம்பி?" என்று யாராவது கேட்டால் அப்பா ஊரைத்தான் சொல்வார்கள். பிரசவம் பார்த்த ஊர் பாட்டிமார் பேச்சில் வந்துபோகும், அவ்வளவுதான்.

புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அப்பாவின் அரசு உத்தியோகம் அவரை இங்கே பிறக்கவைத்தது. ஆனால் அவரைத் திருநெல்வேலிக்காரர் என்றுதான் தமிழ்நாடு அறியும். கடலூர்க்காரர்கள் உரிமை கொண்டாடிப் பார்த்ததுண்டு. அவர் எழுத்தில் மணப்பதோ தாமிரபரணிக் கரை. ஒருவருக்கு எது சொந்த ஊர் என்பதை அவர் வாழ்க்கை சொல்லிவிடும் என்று அன்று மக்கள் எளிதாக எடுத்துக்கொண்டார்கள்.

அரசாங்கங்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. தாய்வீட்டுப் பிரசவம் என்ற இந்தச் சாதாரணப் பழக்கம், ஒரு கட்டத்தில் இந்தப் பகுதி மக்கள் எந்த நாட்டின் குடிமக்கள் என்பதையே முடிவு செய்தது.

திருவந்திபுரத்துக்கு வடக்கே தென்பெண்ணையைத் தாண்டிப் போனால் பாகூர் வட்டாரம். 1954 வரை அங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. புதுச்சேரி ஒரே துண்டாக இருந்ததில்லை. தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் அதன் ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. வயல் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்றிருந்தவர்கள் உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்து நடந்ததே இல்லை. பாகூர்ப் பெண் திருவந்திபுரத்துக்கு வாழ வந்தாள். திருவந்திபுரத்துப் பெண் வில்லியனூருக்குப் போனாள். இருவரும் பிரசவத்துக்கு அவரவர் தாய்வீட்டுக்கு வந்துபோனார்கள்.

1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கைமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். குடியுரிமை பற்றி அதில் சில பிரிவுகள் இருந்தன. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயோ இந்தியாவின் மற்ற இடங்களிலோ குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பிரெஞ்சுப் படையிலும் நிர்வாகத்திலும் வேலை பார்த்த குடும்பங்கள். வியட்நாம் வரை போய்வந்தவர்கள். 'சொல்தா' (சிப்பாய்) வீடுகள் என்று புதுச்சேரியில் இன்றும் சொல்வார்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. பலருக்கு அப்படி ஒரு கெடு இருந்ததே தெரியாது. இந்தியா விடுதலை அடைந்துவிட்டது, இனி எதற்குப் பிரெஞ்சு என்று மனதார இருந்துவிட்டவர்களும் நிறையப் பேர்.

ஆனால் அந்தப் பிரிவுகள் பேசியது எல்லாம் பிரெஞ்சுப் பகுதியில் 'பிறந்தவர்கள்' பற்றித்தான். அப்பா பிரெஞ்சுக் குடிமகன், பிள்ளை பிறந்ததோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடலூரில் என்றால், ஒப்பந்தம் அந்தப் பிள்ளையைத் தொடவே இல்லை. அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமை எதையும் எழுதிக் கொடுக்காமலே அப்படியே தொடர்ந்தது. புதுச்சேரியில் ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பியை எண்ணிப் பாருங்கள். தலைப்பிள்ளைக்குத் தாய் திருவந்திபுரத்துக்கு வந்தாள். இரண்டாவது பிள்ளையைப் புகுந்த வீட்டிலேயே பெற்றாள். 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தபோது அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். அதே அப்பா, அதே வீடு, அதே பள்ளிக்கூடம். இடையில் இருந்தது ஒரு வளைகாப்பும் ஒரு மாட்டுவண்டிப் பயணமும். பாட்டனார் எங்கே பிறந்தார் என்பதை நிரூபித்து பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கும் வழக்குகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் பிரான்சின் நீதிமன்றங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. கொள்ளுப்பாட்டி பிரசவத்துக்குப் போன ஊரைக் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் பத்திரம் பத்திரமாகத் தேடினார்கள்.

தேடினால் கிடைத்ததா என்பது ஆற்றின் எந்தக் கரை என்பதைப் பொறுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் 'மேரி' எனும் நகராட்சி அலுவலகப் பதிவேட்டில் ஏற்றும் முறையை உள்ளூர் மக்களுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், சாட்சிகள், மணி உட்பட அதில் இருக்கும். இந்தக் கரையில் கிராம முன்சீப் ஒரு பதிவேடு வைத்திருந்தார். அவரிடம் போய்ச் சொன்னால் எழுதுவார். "ஆண் குழந்தை" என்று மட்டும் எழுதி, பெயர்க் கட்டம் காலியாகவே விடப்பட்ட பக்கங்கள் ஏராளம். பள்ளியில் சேர்க்கப் போனால் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறிய அந்தத் தேதியே பிறகு ஆயுளுக்கும் பிறந்த நாள். எங்கள் தாத்தா பாட்டி தலைமுறைக்குச் சான்றிதழ் என்பது இவ்வளவுதான். அதில் ஒரு நிம்மதி இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கே பிறந்தாய், அதற்கு அத்தாட்சி என்ன என்று அவர்களை யாரும் மிரட்டியதில்லை.

எல்லைகள் எப்படி விழுகின்றன என்பதற்கும் கடலூரில் பழைய சான்று ஒன்று உண்டு. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை என்று முடிவானது. நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனியின் ஊர்கள் ஆயின. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. குண்டு உப்பளவாடி இன்றும் இருக்கிறது. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்கள், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு காலை விடிந்ததும் யாரும் தங்களைக் கேட்காமலே ஆட்சி மாறிப்போன மக்கள் இருந்தார்கள் என்பதை நினைக்க வேண்டும். அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்து இந்தக் கோட்டையை வாங்கியவர் எலிஹு யேல். வேல்ஸ் பூர்விகக் குடும்பம். இவர் பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில். சின்னஞ்சிறு வயதிலேயே அங்கிருந்து கிளம்பியவர் திரும்பிப் போனதே இல்லை. பின்னாளில் அவர் கொடுத்த நன்கொடைக்காக அங்கே ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இந்த அனுபவம் எல்லாம் உள்ள மண்ணில் இருந்து பார்ப்பதாலோ என்னவோ, நம் அரசியல் சாசனத்தின் 58ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. குடியரசுத் தலைவர் ஆவதற்கு அது கேட்பது சிலவற்றைத்தான். இந்தியக் குடியுரிமை வேண்டும். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மக்களவைத் தேர்தலில் நிற்கத் தகுதி வேண்டும். அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. எங்கே பிறந்தாய் என்று அது கேட்கவே இல்லை. பிரதமருக்கும் அப்படித்தான்.

கேட்டிருக்கவும் முடியாது. சாசனத்தை எழுதிய காலத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் பிறந்த மண்ணை எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு டெல்லியிலும் அமிர்தசரஸிலும் கல்கத்தாவிலும் முகாம்களில் கிடந்தன. அவர்களுக்காகவே எழுதப்பட்ட 6ஆம் பிரிவு, அவரோ அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், பிறந்த இடத்தைப் பொறுத்தவரை அது போதும் என்றது. மன்மோகன் சிங் பிறந்த காஹ் கிராமமும், ஐ.கே.குஜ்ரால் பிறந்த ஜீலமும், துணைப் பிரதமராக இருந்த எல்.கே.அத்வானி பிறந்த கராச்சியும் இன்று பாகிஸ்தானில் இருக்கின்றன. இவ்வளவு தூரம் போவானேன்? சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி, அவர் 1952-ல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனபோது சென்னை மாநிலத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திராவுக்குப் போனது. 1960 ஏப்ரலில் மறுபடி நம்மிடம் வந்தது. 1962-ல் அவர் குடியரசுத் தலைவர் ஆனார். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். பிறந்த ஊர்தான் மாநிலம் மாநிலமாகப் போய்வந்தது.

தமிழ்நாட்டு மக்கள் இதில் இன்னும் பெரிய மனதோடு நடந்துகொண்டார்கள். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917-ல் இலங்கையின் நாவலப்பிட்டியில். மலையாளக் குடும்பம். அப்பா இறந்த பிறகு தாய் பிள்ளைகளோடு கும்பகோணத்துக்கு வந்தார்; பசியும் நாடகக் கொட்டகையுமாக வளர்ந்தார்கள். 1977, 1980, 1984 என்று மூன்று தேர்தல்களில் அவரை முதலமைச்சர் நாற்காலியில் உட்காரவைத்தது இந்த மாநிலம். அவரை வேற்று மாநிலத்தவர் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள் உண்டு. கடலூர்ச் சந்தையில் மீன் விற்ற பெண்களிடம் அந்தப் பேச்சு எடுபடவே இல்லை.

டெல்லியில் எடுபட்டது. 1999 மே மாதம் சரத் பவார், பி.ஏ.சங்மா, தாரிக் அன்வர் மூவரும் காங்கிரஸ் தலைமைக்குக் கடிதம் எழுதினார்கள். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகிய பதவிகள் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு மட்டும் என்று சாசனத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. குறி, இத்தாலியில் பிறந்து 1983-ல் பதிவு மூலம் இந்தியக் குடிமகளான சோனியா காந்தி. மூவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, தேசியவாத காங்கிரஸைத் தொடங்கினார்கள். சோனியாவின் குடியுரிமையை எதிர்த்த தேர்தல் வழக்குகளை 2001-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2004 மே மாதம் தேர்தலில் அவர் கூட்டணி வென்றதும் கூச்சல் மறுபடி எழுந்தது. அவர் பிரதமரானால் மொட்டை அடித்துக்கொள்வேன், வெள்ளைச் சேலை கட்டுவேன், தரையில் படுப்பேன் என்று சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். சோனியா விலகினார், மன்மோகன் சிங் பிரதமரானார். அந்த அமைச்சரவையில் சரத் பவார் பத்து ஆண்டுகள் வேளாண் அமைச்சராக இருந்தார்.

சோனியாவின் அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். எதிர்த்து ஓட்டுப் போட ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணங்களை ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுபோக வேண்டுமே தவிர, சாசனத்தில் ஒரு தாழ்ப்பாளாகப் போடக் கூடாது. சட்டம் ஒருவரைக் குடிமகன் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, நீ இதுவரை வரலாம், இதற்கு மேல் வரக் கூடாது என்று சொன்னால் அந்தக் குடியுரிமை பாதிதான். அந்தத் திருத்தம் வராமல் போனதை நம் ஜனநாயகத்தின் நல்ல முடிவுகளில் ஒன்றாக நான் நினைக்கிறேன்.

பிரான்சும் தன் உயர்ந்த பதவிக்குப் பிறந்த இடம் கேட்பதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை, பதினெட்டு வயது, மக்கள் பிரதிநிதிகள் 500 பேரின் கையெழுத்து என்றுதான் கேட்கிறது. புதுச்சேரி ஒப்பந்தம் நடப்புக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னால், 1962 ஆகஸ்ட் 13-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்தவர் மானுவல் வால்ஸ். 1982-ல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 2014-ல் பிரான்சின் பிரதமரானார். ஸ்பெயினிலேயே பிறந்த ஆன் இதால்கோ 2022-ல் அதிபர் தேர்தலில் நின்றார். சட்டத்தைப் பொறுத்தவரை, திருவந்திபுரத்துத் தாய்வீட்டில் பிறந்து பிரெஞ்சுக்காரராகவே நின்றுவிட்ட அந்த அண்ணனுக்கும் அந்தப் பாதை திறந்தே இருந்தது.

பூட்டி வைத்திருப்பது அமெரிக்கா. பிரேசில், மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் என்று வேறு சில நாடுகளும் உண்டு. ஆனால் இன்று கடலூர் மாவட்டத்து வீடுகளின் பேச்சில் அடிபடும் நாடு அமெரிக்காதான் என்பதால் அதைச் சொல்கிறேன்.

இப்போதைய திருவந்திபுரத்தை ஒரு முகூர்த்த நாளில் பார்க்க வேண்டும். தேவநாத சுவாமி கோயிலும் எதிரே ஔஷதகிரியும் கூட்டத்தில் திணறும். ஒரே காலையில் நூற்றுக்கும் மேல் கல்யாணங்கள் நடக்கும் நாட்கள் உண்டு. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதை இங்கே செலுத்தலாம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் முடி இறக்கவும் காது குத்தவும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். முன்பெல்லாம் கூண்டு வண்டியிலும் நடந்தும் வந்து, கெடிலத்தில் குளித்து, ஆற்று மணலில் புளிச்சோற்று மூட்டையைப் பிரிப்பார்கள். சுற்றுவட்டத்து முகங்கள்தான் எல்லாம். இப்போது ஜூலையிலும் டிசம்பரிலும் வந்து பாருங்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, தலையில் தண்ணீர் பட்டதும் வீறிடுகிற குழந்தை பிறந்தது நியூஜெர்சியாக இருக்கும், டல்லாஸாக இருக்கும். வேண்டிக்கொண்டவர் இங்கிருக்கும் அப்பத்தா. அமெரிக்கப் பள்ளி விடுமுறையைப் பார்த்து இங்கே முகூர்த்தம் குறிக்கிறார்கள்.

பிரசவப் பயணம் திசை மாறிவிட்டது. அன்று பெண் தாயைத் தேடி வந்தாள். இன்று தாய் பெண்ணைத் தேடிப் போகிறாள். சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், விசா நேர்காணலுக்குச் சேலை மடிப்புக் கலையாமல் காத்திருக்கிற அம்மாக்களில் பலர் பிரசவம் பார்க்கத்தான் போகிறார்கள். பெட்டிக்குள் பிரசவ லேகியமும் சுக்கும் பூண்டு ஊறுகாயும் இருக்கும். அதுவரை விமானமே ஏறாத பெண்கள் துபாயில் இறங்கி மாறி, இருபத்திரண்டு மணி நேரம் பயணம் செய்து, பனி விழும் ஊரில் பேரப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, ஆறு மாதத்தில் தங்கும் கெடு முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். இவர்களைப் பற்றி எழுதப்பட்ட கதைகள் போதாது.

பெண்ணை ஏன் இங்கே வரவழைத்துப் பிரசவம் பார்ப்பதில்லை என்றால் வேலை, மருத்துவக் காப்பீடு என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு காரணம், அங்கே பிறந்தால் பிள்ளை பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன். 1868-ல் வந்த 14ஆவது திருத்தம் அடிமைகளாக இருந்தவர்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் எழுதப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் பொருத்தியது. அந்நாட்டின் அதிபராக வேண்டுமானால் பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது வேண்டும், 14 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் யாராவது படைத்தலைமையைக் கைப்பற்றிவிடுவார்களோ என்று 1787-ல் புது நாடொன்று பயந்தது. அந்தப் பயம் இன்றும் சட்டமாக நிற்கிறது.

இதன் விளைவைத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள குடும்பங்களிலேயே பார்க்கலாம். சியாமளா கோபாலன் இந்தியாவிலிருந்து 1958-ல் பெர்க்லிக்குப் படிக்கப் போனார். அவருடைய அப்பாவின் பூர்விகம் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம். 1964 அக்டோபரில் ஓக்லண்டில் மகள் கமலா ஹாரிஸ் பிறந்தார். 2021-ல் துணை அதிபர், 2024-ல் அதிபர் வேட்பாளர். பிரமிளா ஜெயபால் 1965-ல் சென்னையில் பிறந்தவர். இன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் அதிபராக முடியாது. ராஜா கிருஷ்ணமூர்த்தி 1973-ல் டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மூன்று மாதக் கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர். அவரும் உறுப்பினராகத் தேர்வானவர், அவராலும் முடியாது. மூன்று மாதக் குழந்தைக்கு இந்தியா மீது என்ன விசுவாசம் ஒட்டியிருக்கும்? ஒரு வாழ்நாள் முழுக்க அந்த நாட்டில் படித்து, உழைத்து, மக்கள் ஓட்டை வாங்கியவரிடம் அந்த மூன்று மாதத்தைக் காட்டிக் கதவை மூடுவது நியாயமே இல்லை.

அங்கே பிறந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஹவாயில் பிறந்த ஒபாமா அதிபராக இருந்தபோதே, 2011 ஏப்ரலில் தன் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வேண்டி வந்தது. 2020-ல் கமலாவின் பெற்றோர் அவர் பிறந்தபோது குடிமக்கள் இல்லையே என்று ஒரு சட்டப் பேராசிரியர் பத்திரிகையில் கேள்வி எழுப்பினார். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் போட்ட ஆணை, தாய் தற்காலிக விசாவிலும் தந்தை குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமலும் இருந்தால் அங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எச்-1பி விசாவில் இருக்கும் மகளுக்கு ஒன்பதாம் மாதம் என்றிருந்த வீடுகளில் அந்த வாரம் கடலூரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

திருவந்திபுரத்தில் முடி இறக்கிய அந்தக் குழந்தையிடம் இப்போது இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்கப் பாஸ்போர்ட். இன்னொன்று ஓ.சி.ஐ. அட்டை. அந்த அட்டையை 'வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்' அட்டை என்கிறோம். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 7பி பிரிவு, அதை வைத்திருப்பவர் குடியரசுத் தலைவராகவோ துணைத் தலைவராகவோ நீதிபதியாகவோ ஆக முடியாது, ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது என்கிறது. தாத்தாவின் நன்செய் வாரிசாக வந்தால் வரும், பக்கத்து வயலை விலைக்கு வாங்க முடியாது. குழந்தையின் அப்பா அங்கே குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. அவரால் இரண்டு நாட்டிலும் உயர்ந்த பதவிக்குப் போக முடியாது. பிள்ளைக்கு அங்கே வழி இருக்கிறது. இந்த மூவரில் அப்பத்தா மட்டும்தான் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆகத் தகுதியுள்ளவர்.

இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரத்தில் தலைமை ஏற்க முடியாது என்பது புரிகிறது. இலங்கையில் கோத்தபய ராஜபக்ச 2019-ல் அதிபர் தேர்தலில் நிற்க அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார். இந்தியக் குடியுரிமை மறுபடி வேண்டும் என்று ஒருவர் திரும்பி வந்து வாழ்ந்தால், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. திரும்பி வந்தவர் குடியரசுத் தலைவராகவும் ஆகலாம். முடிவு அவர் கையில் இருக்கிறது.

முடிவு தங்கள் கையில் இல்லாதவர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். திருவந்திபுரத்திலிருந்து தெற்கே குறிஞ்சிப்பாடிக்குப் போனால் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உண்டு. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்தது நம் அரசு மருத்துவமனைகளில். படித்தது நம் பள்ளிகளில். இவர்களில் பலருடைய முன்னோர் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1948-ல் இலங்கை அரசு, முன்னோர் இலங்கை மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்று கேட்டு அவர்களை நாடற்றவர்களாக்கியது.

இந்தியச் சட்டமும் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்ட காலம் முடிந்தேவிட்டது. முகாமில் பிறந்த பிள்ளையிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. பிறந்த இடம் கடலூர் மாவட்டம் என்று முத்திரையோடு இருக்கிறது. குடியுரிமைக்கு அது போதாது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் சிலருக்கு வழி திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு வழக்குப் போட்டார். 1987-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். 58ஆம் பிரிவின்படி இன்று அவர் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நிற்கலாம். மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டினால் அப்துல் கலாம் பிறந்த ராமேஸ்வரம். அதே முகாமில், அவருக்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர்கள் வார்டு உறுப்பினர் தேர்தலில்கூட ஓட்டுப் போட முடியாது. பட்டம் வாங்கியும் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது.

சோனியா காந்தியைத் தடுக்க சாசனத்தையே திருத்த வேண்டும் என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். குறிஞ்சிப்பாடி முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு சாசனத்தில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. குடியுரிமைச் சட்டத்தில், இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்த முகாம்வாசிகளைப் பதிவு மூலம் ஏற்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டிலிருந்து 39 மக்களவை உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கடலூருக்கும் ஒருவர் இருக்கிறார். அடுத்த கூட்டத்தொடரில் இதைத் தனிநபர் மசோதாவாகவாவது அவர்கள் கொண்டுவர வேண்டும்.